ஷூவும் அடிவயிறும்: ஓடத் தொடங்கும் பெண்களுக்கு முழுமையான வழிகாட்டி

"இன்னாக்கா, இந்த ஷூ போட்டு ஓடுனா வயிறு கொறையுமாமே?"

தண்டையார்பேட்டையில் எங்களோடு காலையில் ஓட வந்த ஒரு பெண் முதல் நாளே கேட்டது இது. காலில் புத்தம் புது ஷூ, அடியில் இரண்டு விரல் தடிமனுக்கு மெத்தை. இரண்டாவது வாரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு திடலின் சுவர் ஓரமாக உட்கார்ந்துவிட்டார். அந்த ஷூ மோசமான ஷூ ஒன்றும் இல்லை. வாங்கிய வரிசைதான் தப்பு.

புதிதாக வருகிறவர்கள் முதலில் ஷூ வாங்குகிறார்கள், அப்புறம் ஓடுகிறார்கள், வலி வந்த பிறகுதான் உடம்பைப் பார்க்கிறார்கள். இதைத் திருப்பிப் போட வேண்டும். முதலில் உடம்பு, அடுத்து பாதம், அப்புறம் தரை, அதற்குப் பிறகு ஷூ. ஷூவைப் போட்டதும் திரும்பவும் உடம்பு. கீழே உள்ளதெல்லாம் இந்த வரிசையில்தான் போகிறது. இடையில் ஒன்றைத் தாண்டினால் அடுத்த படி சொல்லும் பதிலை நம்ப முடியாது.

1. ஷூவிடம் என்ன எதிர்பார்க்கலாம்

கோர், அதாவது உடம்பின் நடுப்பகுதித் தசைகள், என்று சொன்னதும் எல்லாரும் தொப்புளுக்கு முன்னால் கையை வைக்கிறார்கள். அது பாதிதான். முன்னால் இருக்கும் நேர்த்தசை, இரண்டு பக்கமும் சாய்வுத் தசைகள், அதற்கு உள்ளே இடுப்பைப் பட்டைபோலச் சுற்றியிருக்கும் குறுக்குத் தசை, முதுகெலும்பை ஒட்டிய சின்னத் தசைகள், மேல்மூடியாக உதரவிதானம், அடித்தட்டாகச் சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் தாங்கும் இடுப்புத்தளத் தசை. எல்லாம் சேர்ந்தது ஒரு டப்பா. இதோடு இடுப்பின் பக்கவாட்டில் உள்ள பிட்டத் தசையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பு சாயாமல் பிடித்துவைப்பது அதுதான்.

ஓட்டத்தில் இரண்டு காலும் ஒரே நேரத்தில் தரையில் இருப்பதே இல்லை. ஒவ்வொரு அடியும் ஒற்றைக் காலில் வந்து இறங்குவதுதான். அப்போது தரை திருப்பித் தரும் விசை உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 120 முதல் 180 கிலோ. நிமிடத்துக்கு 160 அடி என்றால் அரை மணி நேரத்தில் 4,800 முறை இறங்குகிறீர்கள். அந்த 4,800 முறையும் டப்பா கலங்காமல் இருக்க வேண்டும்.

ஷூ வேலை செய்யும் இடம் இதுதான். கால் எந்தக் கோணத்தில் இறங்குகிறது, இறங்கிய பிறகு எவ்வளவு ஆடுகிறது என்பதை அது மாற்றும். அதற்கு ஏற்றபடி இடுப்பும் வயிறும் கூடவோ குறையவோ உழைக்கும். தானாக வயிற்றுத் தசையைக் கட்டிக்கொடுக்கும் வித்தை எந்த ஷூவிலும் கிடையாது. அப்படிச் சொல்லி விற்றவர்கள் இருந்தார்கள். அமெரிக்காவில் வணிகத்தைக் கண்காணிக்கும் எஃப்.டி.சி. கேட்டதற்கு ஆதாரம் இல்லாமல், 2011-இல் ரீபாக் 2.5 கோடி டாலருக்கும், 2012-இல் ஸ்கெச்சர்ஸ் 4 கோடி டாலருக்கும் சமரசம் செய்துகொண்டன. ஸ்கெச்சர்ஸ் விளம்பரத்தில் வயிற்றுத் தசையும் இருந்தது. ஆகவே தொப்பை குறைய வேண்டும் என்று ஷூ தேடுபவர் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், காசு மிச்சம்.

பெண்களுக்கு ஏன் தனியாகச் சொல்ல வேண்டும்? உயரத்தோடு ஒப்பிட்டால் நமக்கு இடுப்பெலும்பு அகலம், அதனால் தொடையெலும்பு முழங்காலை நோக்கி உள்ளே சாய்ந்து இறங்குகிறது. ஓடும்போது தொடை உள்நோக்கி விழுவதும் ஆண்களைவிட அதிகம். அதைப் பிடித்து நிறுத்தும் வேலை இடுப்புக்கும் வயிற்றுக்கும் வருகிறது. டப்பாவின் அடித்தட்டு வேறு பிரசவத்தில் நீண்டு தளர்ந்திருக்கலாம்.

2. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

பழைய தினத்தாள், பென்சில், ஸ்கேல். ஓடும்போது போடப்போகும் அதே சாக்ஸ். ஒரு துப்பட்டா. கை வைக்காத நாற்காலி. வீடியோ எடுக்க ஒரு போன், பிடிக்க யாராவது ஒருத்தர். ஒரு வருடமாவது தினமும் போட்டுத் தேய்ந்த செருப்பு ஒரு ஜோடி. குறித்துவைக்க ஒரு நோட்டு.

இன்னொன்று, சுடிதார் பேன்ட்டின் நாடாவைத் தளர்த்துங்கள். சின்ன விஷயம் என்று தோன்றும். பாவாடை கட்டும் பழக்கத்தில் நாடாவை இறுக்கி முடிச்சுப் போட்டு வருகிறார்கள். வயிறு விரிய இடமில்லாமல் மூச்சு நெஞ்சுக்கு ஏறிவிடும். உதரவிதானம் இறங்காவிட்டால் குறுக்குத் தசையும் சரியாக வேலை செய்யாது, நீங்கள் எடுக்கும் சோதனை எல்லாம் பொய்யாகும். எலாஸ்டிக் வைத்த டிராக் பேன்ட் நல்லது. உள்ளாடையின் அடிப்பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். விலா விரியாமல் பிடித்தால் அதுவும் இதே கதைதான்.

3. வெறுங்காலில் உடம்பைச் சோதியுங்கள்

ஷூ போட்டுப் பார்ப்பதற்கு முன் வெறுங்காலில் நீங்கள் எப்படி நிற்கிறீர்கள் என்று தெரிய வேண்டும். இல்லையென்றால் நாளைக்கு ஷூ நல்லது செய்ததா கெடுத்ததா என்று ஒப்பிட ஒன்றும் இருக்காது.

முதல் சோதனை விரலால். பாயில் மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். இடுப்பின் முன்பக்கம் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பைக் கண்டுபிடித்து, அதிலிருந்து இரண்டு விரல் உள்ளே தள்ளி நுனிவிரலை அழுத்தி வையுங்கள். ஒரு முறை இருமுங்கள். விரலடியில் ஏதோ துள்ளும். நீங்கள் தேடும் இடம் அதுதான். இப்போது இருமாமல், "ஸ்ஸ்" என்று மெதுவாக மூச்சை விட்டுக்கொண்டே சிறுநீரைப் பாதியில் நிறுத்துவதுபோல் கீழே லேசாக இழுங்கள். விரலடியில் தசை மெல்ல இறுக வேண்டும். விரலை வெளியே தள்ளிக்கொண்டு வயிறு உப்பினால் நீங்கள் முக்குகிறீர்கள். மூச்சைப் பிடிக்காமல் திரும்பச் செய்யுங்கள். பலருக்கு மூன்றாவது நான்காவது முறையில்தான் பிடிபடுகிறது.

இரண்டாவது துப்பட்டா சோதனை. துப்பட்டாவைக் கயிறுபோலத் திரித்து, சொன்ன அந்த இடுப்பெலும்புகளின் மட்டத்தில் சுற்றிக் கட்டுங்கள். பின்னால் இருந்து ஒருத்தர் வீடியோ எடுக்கட்டும். சுவருக்கு ஒரு கை தூரத்தில், வெறுங்காலில், ஒற்றைக் காலில் 30 விநாடி நில்லுங்கள். அடுத்து மறுகால். வீடியோவில் துப்பட்டாவை மட்டும் பாருங்கள். தூக்கிய காலின் பக்கம் துப்பட்டா இறங்கினால், நிற்கும் காலின் பக்கப் பிட்டத் தசை பிடிக்கவில்லை என்று அர்த்தம். துப்பட்டா நேராக இருந்தும் தோள் ஒரு பக்கம் சாய்ந்தால், உடம்பு குறுக்கு வழியில் சமாளிக்கிறது. இரண்டையும் நோட்டில் எழுதுங்கள்: எந்தக் கால், எத்தனையாவது விநாடியில்.

மூன்றாவது, நாற்காலியில் உட்கார்ந்து ஒற்றைக் காலால் எழுந்து உட்காருங்கள், பக்கத்துக்கு ஐந்து முறை. முழங்கால் கட்டை விரலைத் தாண்டி உள்ளே விழுகிறதா என்று முன்னால் இருந்து பார்க்கச் சொல்லுங்கள். எழவே முடியவில்லை என்றால் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நாற்காலி மேல் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள்.

கடைசியாகத் தேய்ந்த செருப்பு. மேசைமேல் வைத்துப் பின்னால் இருந்து பாருங்கள். குதிகாலின் வெளிப்பக்கம் கொஞ்சம் தேய்வது எல்லாருக்கும் உள்ளதுதான். ஒரு செருப்பு மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால், துப்பட்டா எந்தப் பக்கம் இறங்கியது என்று நோட்டைப் புரட்டுங்கள். இரண்டும் ஒத்துப்போவதை அடிக்கடி பார்க்கிறேன்.

துப்பட்டா பத்து விநாடிக்குள் இறங்கினால் ஷூ வாங்கும் பணத்தை மூன்று வாரம் அஞ்சறைப் பெட்டியிலேயே வையுங்கள். தினமும் பத்து நிமிடம் போதும். மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கி இறக்குவது, முழங்காலை ஊன்றிப் பக்கவாட்டில் முழங்கையில் தாங்கி நிற்பது, மல்லாந்த நிலையில் எதிரெதிர்க் கையையும் காலையும் மெதுவாக நீட்டி மடக்குவது. மூன்றிலும் மூச்சை விட்டுக்கொண்டே உழைக்க வேண்டும். தளர்ந்த டப்பாவோடு போய் ஷூவைப் போட்டுப் பார்த்தால் எதைப் போட்டாலும் கால் ஆடும். கடைசியில் விலை உயர்ந்ததை வாங்கிக்கொண்டு வருவீர்கள்.

4. பாதத்தை மாலையில் அளங்கள்

நாள் முழுக்க நின்றால் பாதம் வீங்கும், ஓடினாலும் வீங்கும். காலையில் எடுத்த அளவுக்கு ஷூ வாங்கினால் மூன்றாவது கிலோமீட்டரில் விரல் நசுங்கும். விரல் நசுங்கினால் பாதத்தை முழுதாக ஊன்றாமல் ஓடுவீர்கள், இடுப்பு அதை ஈடுகட்டும்.

தினத்தாள்மேல் சாக்ஸோடு நின்று, எடையை இரண்டு காலிலும் சமமாகப் போட்டு, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து வரையுங்கள். நீளமும் அகலமும் இரண்டு காலுக்கும் எடுங்கள். பெரிய காலுக்குத்தான் ஷூ.

அகலம்தான் நம் பெண்களுக்குச் சிக்கல். சின்ன வயதிலிருந்து வெறுங்காலிலும் செருப்பிலும் வளர்ந்த பாதம், விரல் பரந்து இருக்கும். பெண்கள் ஓட்ட ஷூவில் சாதாரண அகலத்துக்கு 'பி' என்று பெயர், ஆண்கள் ஷூவில் 'டி'. 'டி' அகலம்தான் பெரியது. விரல் பக்கம் இறுக்கினால் ஒரு சைஸ் நீளமாக எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அது தப்பு. நீளம் கூடினால் குதிகால் உள்ளே நழுவும், நழுவும் காலைப் பிடிக்கக் கால்விரலை மடக்கி ஓடுவீர்கள். பெண்கள் ஷூவிலேயே அகலமானது இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஆண்கள் ஷூவைப் போட்டுப் பார்க்கலாம், குதிகால் மட்டும் உள்ளே ஆடக் கூடாது. தம்பியின் ஷூவை அப்படியே போட்டுக்கொண்டு வருவது வேறு விஷயம். ஒரு பெண் அண்ணனின் கால்பந்து ஷூவோடு வந்தார். அடியில் உள்ள குமிழ்கள் சிமெண்ட் தரையில் டக் டக் என்று சத்தம் போட, ஒவ்வொரு அடிக்கும் கணுக்கால் ஆடியது.

5. எங்கே ஓடப்போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

தரையைத் தீர்மானிக்காமல் ஷூவைத் தீர்மானிக்க முடியாது. வடசென்னையில் இருப்பது பெரும்பாலும் மூன்று தரை. தெருவில் சிமெண்ட், பெரிய ரோட்டில் தார், மாநகராட்சித் திடலில் மண். கடற்கரை மணல் என்று ஆசைப்பட வேண்டாம். திருவொற்றியூர்ப் பக்கம் கரையைக் காக்க நெடுக்கக் கல் கொட்டி வைத்திருக்கிறது. எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரி போகும் ஓரத்தில் ஓடுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், எந்த ஷூவாக இருந்தாலும்.

சிமெண்டும் தாரும் கடினம், ஆனால் காலுக்குத் தெரிந்த தரை. ஓரளவு மெத்தை போதும். மண் திடல் மென்மை, ஆனால் பையன்கள் பந்தாடி மேடும் பள்ளமுமாக ஆக்கியிருப்பார்கள். அங்கே உயரமான மெத்தை ஷூ போட்டால் கணுக்கால் மடங்கும். தாழ்வான, அகலமான அடி வேண்டும்.

யாரும் கவனிக்காத ஒன்று சொல்கிறேன். மழைநீர் ஓட ரோட்டின் நடுவை உயர்த்தி ஓரத்தைச் சரித்திருப்பார்கள். எப்போதும் ஒரே ஓரத்தில் ஓடினால் ஒரு கால் தினமும் பள்ளத்தில் இறங்குகிறது, இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கிறது. ஒரு பக்க இடுப்பு மட்டும் வலிக்கிறது என்று வந்தவர்களில் சிலருக்கு ஷூவை மாற்றவே இல்லை, போன வழியிலேயே எதிர் ஓரமாகத் திரும்பி வரவும் சொல்லவில்லை (அப்படி வந்தாலும் அதே கால்தான் பள்ளத்தில் இறங்கும்), திடலுக்கு மாறச் சொன்னேன். வலி போயிற்று. திடலிலும் ஒரு நாள் வலம், ஒரு நாள் இடம்.

6. ஷூவில் பார்க்க வேண்டியவை

நிறத்தை விடுங்கள். வயிற்றையும் இடுப்பையும் தொடும் விஷயங்கள் நான்கு.

டிராப்: குதிகாலடியில் உள்ள உயரத்துக்கும் முன்பாதத்தடியில் உள்ள உயரத்துக்கும் உள்ள வித்தியாசம். வழக்கமான ஓட்ட ஷூவில் 8 முதல் 12 மி.மீ. இருக்கும். நான்கு, பூஜ்யம் என்றும் கிடைக்கும். குதிகால் உயர்ந்தால் எடை முன்னால் தள்ளப்படும். அதைச் சமாளிக்கச் சிலர் கீழ்முதுகை வளைத்து மார்பை நிமிர்த்தி ஓடுகிறார்கள். அப்போது வயிற்று முன்தசை நீண்டு தளர்கிறது, முதுகுத் தசை ஓட்டம் முழுக்க இறுகி இருக்கிறது. அதற்காக உடனே பூஜ்யத்துக்குத் தாவக் கூடாது. டிராப் குறைந்தால் முழங்காலின் சுமை குறைந்து கெண்டைக்காலுக்கும் குதிகால் தசைநாணுக்கும் போகும். சும்மா போகாது, வலித்துக்கொண்டு போகும். இப்போது போடும் ஷூவைவிட 4 மி.மீ. வித்தியாசத்துக்குள் இருங்கள். தட்டைச் செருப்பிலேயே பழகியவர் நடுவாக 6 முதல் 8-இல் தொடங்கலாம் என்பது என் கணக்கு.

மெத்தையின் மென்மை: குதிகால் பக்கம் ஷூவின் அடிப்பாகத்தை, அதாவது சோலை, கட்டை விரலால் அழுத்துங்கள். பஞ்சுபோல் உள்ளே போகிறதா, அழுத்தம் கொடுத்தால் மட்டும் போகிறதா? மெத்தென்ற தரையில் இறங்கும்போது கால் தன்னைத்தானே விறைத்துக்கொள்ளும். அது உடம்பின் இயல்பு. ஆகவே மெத்தை கூடக்கூட அதிர்ச்சி குறைந்துகொண்டே போகும் என்று கணக்குப் போட முடியாது. கூடவே, உயரமான மென்மெத்தை பக்கவாட்டில் ஆடும். ஆடும் பலகையில் நிற்பதுபோல் இடுப்பும் வயிறும் ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். "அப்போ வயிறு நல்லா வேலை செய்யுமே" என்று கேட்பார்கள். செய்யும், களைத்துப்போகும் வரை. களைத்த பிறகு துப்பட்டா சோதனையில் பார்த்த அதே சாய்வு ஒவ்வொரு அடிக்கும் வரும். தொடக்கத்தில் சொன்ன பெண்ணுக்கு நடந்தது அதுதான்.

பிடிப்பு: குதிகாலைச் சுற்றியுள்ள கிண்ணத்தை இரண்டு விரலால் நசுக்குங்கள். சப்பென்று மடங்கினால் வேண்டாம். ஷூவின் இரண்டு முனையையும் பிடித்துத் துணி பிழிவதுபோல் முறுக்குங்கள். கொஞ்சம் முறுகலாம், நடுவில் ஒடிவதுபோல் மடங்கக் கூடாது. ஷூ வளைய வேண்டிய இடம் விரல் மடங்கும் இடம் மட்டும்தான்.

எடை: ஒவ்வொரு காலிலும் 100 கிராம் கூடினால் ஓடத் தேவையான சக்தி ஏறத்தாழ 1 சதவீதம் கூடும். தொடங்குகிறவருக்கு இது பெரிய விஷயமில்லை. ஆனால் கனமான ஷூவைத் தூக்கி முன்னால் கொண்டுவர இடுப்பின் முன்தசை அதிகம் இழுக்கும், அது கீழ்முதுகிலிருந்து தொடங்கும் தசை. 300 கிராமுக்குக் கீழே கிடைத்தால் நல்லது.

நடைபாதையில் கிடைக்கும் 'ஃபர்ஸ்ட் காப்பி'யைப் பற்றிக் கேட்பீர்கள். மேல்துணி அச்சு அசலாக இருக்கும், மெத்தை இருக்காது. நடக்கப் போடலாம். அதைவிட, பெரிய பெயர் இல்லாத கம்பெனியின் எளிமையான ஓட்ட ஷூ எவ்வளவோ மேல்.

7. கடையில் பத்து நிமிடம்

அளவுத் தாளை வெட்டி எடுத்துப் போங்கள். ஷூவின் உள்சோலை வெளியே எடுத்து அதன்மேல் தாளை வையுங்கள். தாள் பக்கவாட்டில் வெளியே நீட்டினால் போட்டுப் பார்க்கவே வேண்டாம். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

போட்டதும் நின்று பாருங்கள், நீண்ட விரலுக்கு முன்னால் கட்டை விரல் அகலம் இடம் இருக்க வேண்டும். உட்கார்ந்து பார்ப்பது கணக்கில்லை, எடை ஏறினால்தான் பாதம் நீளும்.

இப்போது வீட்டில் செய்ததைத் திரும்பச் செய்யுங்கள். ஷூவோடு ஒற்றைக் காலில் 30 விநாடி, கையை இடுப்பெலும்பின்மேல் வைத்து. வெறுங்காலில் 25 விநாடி நின்றவர் இந்த ஷூவில் 12-இல் ஆடினால், அது உங்களுக்கான ஷூ இல்லை. வெறுங்காலில் நின்ற அளவாவது நிற்க வேண்டும். அடுத்து ஒற்றைக் காலில் முழங்காலை லேசாக மடக்கி நிமிருங்கள், ஐந்து முறை. முழங்கால் வீட்டில் விழுந்ததைவிட உள்ளே விழுகிறதா?

அப்புறம் நுனிவிரலை அடிவயிற்றில் அந்தப் பழைய இடத்தில் வைத்து, நின்ற இடத்திலேயே இருபது அடி ஓடுங்கள். ஒவ்வொரு அடிக்கும் விரலடியில் லேசான இறுக்கம் வந்து வந்து போனால் நல்லது. கை கால் அசையும் முன்பே குறுக்குத் தசை தயாராவது இயல்பு, அந்தத் துடிப்பைத்தான் தேடுகிறீர்கள். விடாமல் இறுகியே இருந்தால் ஷூ உங்களை ஆட்டுகிறது, நீங்கள் பயந்து பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கடையில் கார்ப்பெட் விரித்திருந்தால் இறங்கி வெறும் தரையில் செய்யுங்கள். கார்ப்பெட்டில் எல்லா ஷூவும் நன்றாகத்தான் இருக்கும். இரண்டு மூன்று ஜோடியை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு ஒப்பிடுங்கள். ஒரே ஒரு ஜோடியைப் போட்டால் நல்லதா கெட்டதா என்று காலுக்கே தெரியாது.

8. லேஸ்

குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னால் ஒட்டவைத்த பிறகு கட்டுங்கள். கீழிருந்து மேலாக ஒவ்வொரு கண்ணியாக இறுக்குங்கள். மேலே ஒரே இழுப்பாக இழுத்தால் கணுக்காலில் இறுக்கமும் நடுப்பாதத்தில் தொளதொளப்பும்தான் இருக்கும். கடைசியில் இருக்கும் கூடுதல் துளை அழகுக்கு இல்லை. குதிகால் நழுவுகிறவர்கள் அதில் கோத்துக் கட்ட வேண்டும்.

9. முதல் ஆறு வாரம்

புது ஷூ வந்ததும் அன்றே ஐந்து கிலோமீட்டர் ஓடும் ஆசையை அடக்குங்கள். முதல் வாரம் வீட்டுக்குள் நடந்து, கடைகண்ணிக்குப் போய் வந்து பழகட்டும். இரண்டாவது வாரம் வாரத்துக்கு மூன்று நாள், 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, எட்டு முறை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் ஓட்டத்தை அரை நிமிடம் கூட்டுங்கள், நடையைக் குறைக்க வேண்டாம். ஏற்கெனவே ஓடுகிறவர்கள் பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றிப் போடுங்கள். தசைக்குச் சீக்கிரம் பழக்கம் வந்துவிடும், தசைநாணுக்கும் எலும்புக்கும் அதைவிட அதிக நாள் வேண்டும். தசை சொல்வதை நம்பி ஓடினால் தசைநாண் மாட்டிக்கொள்ளும்.

இந்த நாட்களில் அடியை எண்ணிப் பாருங்கள். வலது கால் தரையைத் தொடுவதை 30 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். 38 என்றால் நிமிடத்துக்கு 152 அடி. அதே வேகத்தில் 40 ஆக்கினால் 160. இந்த 5 சதவீதக் கூட்டலிலேயே அடி சின்னதாகும், கால் உடம்புக்கு அருகில் இறங்கும், முழங்காலுக்கும் இடுப்புக்கும் சுமை குறையும். பல பேருக்கு ஷூ செய்யாத நன்மையை இந்த எண்ணிக்கை செய்கிறது.

வாரக் கடைசியில், ஓடி முடித்த கையோடு, துப்பட்டா சோதனையை வெறுங்காலில் எடுங்கள். ஓடும் முன் 30 விநாடி நின்றவர் ஓடிய பிறகு 20 நின்றால் பரவாயில்லை. எட்டில் விழுந்தால் தூரம் அதிகம், அல்லது ஷூ அதிகம் ஆட்டுகிறது. தூரத்தைப் பாதியாக்கிப் பாருங்கள். அப்போதும் எட்டு என்றால் ஷூதான்.

10. ஓடும்போது வயிறு சொல்வதைக் கேளுங்கள்

அதிகம் பார்க்கும் தப்பு, ஓட்டம் முழுக்க வயிற்றை உள்ளே எக்கிப் பிடிப்பது. "கோரை டைட்டா வை" என்று எங்கேயோ கேட்டுவிட்டு வருகிறார்கள். எக்கினால் உதரவிதானம் இறங்க முடியாது, அழுத்தமெல்லாம் அடித்தட்டுக்குப் போகும். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகத்தில் மூச்சை நீளமாக வெளியே விடுங்கள், வயிறு தன் வேலையைத் தானே செய்யும். எங்கள் கூட்டத்தில் இரண்டு பேர் ஓடும்போது வீட்டுக் கதை பேசுவார்கள். அவர்களுக்குத்தான் இடுப்பு வலி வந்ததே இல்லை.

விலாவுக்குக் கீழே குத்தினால் வேகத்தைக் குறைத்து மூச்சை நீளமாக்குங்கள், அதற்கு ஷூ காரணமில்லை. சாப்பிட்டவுடன் ஓடினீர்களா என்று பாருங்கள். கீழ்முதுகு இறுகினால் டிராப்பையும் நிமிர்ந்து வளையும் பழக்கத்தையும் சந்தேகப்படுங்கள். ஒரு பக்க இடுப்பு வெளியே வலித்தால் ரோட்டுச் சரிவு, அப்புறம் மெத்தையின் ஆட்டம். கெண்டைக்கால் மட்டும் வலித்தால் டிராப்பை வேகமாகக் குறைத்துவிட்டீர்கள்.

குதித்தாலோ ஓடினாலோ சொட்டுச் சிறுநீர் கசிந்தால் "வயசாச்சு, பிள்ளை பெத்த உடம்பு" என்று பேட் வைத்துக்கொண்டு ஓடாதீர்கள். அது அடித்தட்டு தாங்கவில்லை என்பதற்கான அறிகுறி, பயிற்சியால் சரியாகக் கூடியது. ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனைகளில் பிசியோதெரபி பிரிவு உண்டு, கேட்க வெட்கப்பட வேண்டாம். இதை எந்த ஷூவும் தீர்க்காது. வலி ஓய்விலும் இருந்தாலோ, காலுக்கு இறங்கி மரத்துப்போனாலோ ஓட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

11. பிரசவம் ஆனவர்களுக்கு

ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனையில் பிள்ளை பெற்று வந்த இரண்டாவது மாதமே ஓட வந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கோபித்துக்கொண்டார்கள். குறைந்தது 12 வாரம் ஆக வேண்டும். அதுவும் நடக்கும்போது கசிவோ, கீழே ஏதோ இறங்குவதுபோன்ற கனமோ இல்லாமல் இருந்தால்தான். சிசேரியன் என்றால் தையல் ஆறியதை டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

படுத்து முழங்காலை மடக்கித் தலையை மட்டும் தூக்கித் தொப்புளுக்கு மேலும் கீழும் விரலை வைத்துப் பாருங்கள். நடுவில் இரண்டு விரலுக்கு மேல் பள்ளமாக இறங்கினாலோ, கூரைபோல் மேடு தட்டினாலோ, வயிற்றுத் தசைகள் இன்னும் சேரவில்லை. முதலில் 3-ஆம் பகுதியில் சொன்ன பயிற்சிகள்.

கர்ப்பத்தில் பாதம் நீண்டு தட்டையாவது உண்டு, அப்படியே நின்றும் விடும். பழைய ஷூ பரணில் இருக்கிறதே என்று எடுத்துப் போட வேண்டாம். 4-ஆம் பகுதியிலிருந்து திரும்பத் தொடங்குங்கள். மெத்தை மிக உயர்ந்ததைத் தவிர்த்து, குதிகால் பிடிப்பு நல்லதாகப் பாருங்கள்.

12. எப்போது மாற்றுவது

ஓட்ட ஷூவின் மெத்தை 500 முதல் 800 கி.மீ. வரை உழைக்கும். வாரத்துக்கு 20 கி.மீ. ஓடினால் ஆறு முதல் ஒன்பது மாதம். மேலே துணி புதிதுபோல் இருந்தாலும் உள்ளே மெத்தை செத்திருக்கும். பக்கச் சோலில் சுருக்கங்கள் ஆழமாக விழுந்து, அழுத்தினால் திரும்பி எழாமல் இருந்தால் முடிந்தது. மேசைமேல் வைத்துப் பின்னால் இருந்து பாருங்கள், ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் உங்கள் இடுப்பும் அப்படித்தான் நிற்கிறது. வாங்கிய தேதியை உள்சோலின் அடியில் பேனாவால் எழுதி வையுங்கள், நினைவு வைத்துக்கொள்ள முடியாது.

ஐப்பசி கார்த்திகையில் வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் தண்ணீர் நின்றால் ஷூ நனையாமல் தப்பாது. தேங்கிய நீரில் மூடி இல்லாத சாக்கடைக் குழியும் தெரியாது, அந்த நாட்களில் வீட்டில் பயிற்சி போதும். நனைந்த ஷூவைக் கேஸ் அடுப்புப் பக்கமோ உச்சி வெயிலிலோ வைத்தால் பசை விட்டு மெத்தை இறுகிவிடும். உள்சோலையும் லேஸையும் கழற்றி, தினத்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, ஃபேனுக்கு அடியில் சாய்த்து வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை தாளை மாற்றினால் மறுநாள் காலைக்குக் காய்ந்துவிடும். காயாவிட்டால் அன்றைக்கு ஓட வேண்டாம். ஈர ஷூவில் குதிகால் நழுவும்.